கிரஹாமுக்குக் கிடைத்த கூச்சல்

எங்கள் கல்லூரிப் பேராசிரியர் கிரஹாம் லிண்ட்குவிஸ்டை மாணவர்கள் கூச்சலிட்டு மேடையிலிருந்து இறக்கிய அன்று நான் ஐந்தாவது வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கண்டனம் தெரிவிக்கும் விதமாக அப்படி உட்கார்ந்திருப்பதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது இருந்தது பொறாமை.

அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு வருடங்களாக கிரஹாமின் சொற்பொழிவுகளுக்குப் பதினோரு பேர் வருவார்கள். அதில் ஒருவன் நான். அன்றைக்கு முந்நூறு பேர் வந்திருந்தார்கள். முதல் பக்கத்தின் பாதியைக்கூட அவர் தாண்டவில்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒருமுறை அவரிடமே கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்கும் சரியாக நினைவில்லை என்றார். அதன்பிறகு ஏழு வருடங்களாக அவர் ஊர் ஊராகப் போய், தன்னைப் பேச விடவில்லை என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். எங்கு போனாலும் அரங்கம் நிறைகிறது.

எங்கள் வெதர்பீ கல்லூரி அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. நான் அங்கே பத்தொன்பது வருடமாக ஒப்பந்த ஆசிரியன். அமெரிக்கக் கட்டுரை இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். நிலவறையில், கொதிகலனுக்கு அடுத்த அறையில், இன்னும் இரண்டு ஒப்பந்த ஆசிரியர்களோடும் வேலை செய்யாத ஒரு அச்சு இயந்திரத்தோடும் என் மேசை இருந்தது. கூச்சலுக்குப் பிறகு கிரஹாமைப் பாதுகாப்புக் கருதி மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். அந்த அறையின் சன்னல் முழுக்க ஒரு மேப்பிள் மரம். அக்டோபரில் அவரைப் பார்க்கப் போனால், நான் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிப்ரவரியில் கல்லூரியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. "உங்கள் குரலை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்" என்று தொடங்கியது. என் ஒப்பந்தம் மே முப்பத்தோராம் தேதியோடு முடிகிறது என்று அடுத்த வரியில் இருந்தது. என் வகுப்பில் ஆறு பேர்தான் இருக்கிறார்களாம்.

என் மனைவி ஜோனுக்குச் செப்டம்பரில் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை. இரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய தேதி. ஒப்பந்தம் போனால் மருத்துவக் காப்பீடும் போய்விடும். ஜோன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறிப் போனாள். நான் கீழேயே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கருத்துரிமை அலுவலகத்துக்குப் போனேன். அதன் இயக்குநர் மார்லா ஹென்ஷா எனக்கு மூலிகைத் தேநீர் கொடுத்தார்.

"வெண்டெல், இந்தக் கல்லூரியில யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் பேசலாம்," என்றார். "அதுக்காகத்தான் பதினாலு படிவம் வச்சிருக்கோம். வேற எந்தக் கல்லூரியிலயும் ஒன்பதுக்கு மேல கெடையாது."

"நான் பேசுறதுக்கு வரலை. என் வேலையைக் காப்பாத்த வழி இருக்கான்னு கேக்க வந்தேன்."

"ஒரே வழிதான். உங்க மேல விசாரணை நடந்துக்கிட்டு இருந்தா உங்களை எடுக்க முடியாது. எடுத்தா பழிவாங்கினதா ஆயிடும், வழக்கறிஞர்கள் ஒத்துக்க மாட்டாங்க." அவர் கணினியைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. "அடடா. பத்தொன்பது வருஷத்துல உங்க மேல ஒரு புகார்கூட இல்லையே."

"இல்ல."

"ஒரு சின்ன மனத்தாங்கல்கூடவா இல்ல?" துக்க வீட்டில் கேட்பதைப் போல என் கையைத் தொட்டார். "யாராவது உங்ககிட்ட இதைப் பத்திப் பேசியிருக்கணும், வெண்டெல்."

"கிரஹாம் மேல அந்தப் பேச்சுக்காக வந்த விசாரணை ஏழு வருஷமா நடக்குதே. எப்பத்தான் முடியும்?"

"விசாரணைங்கிறது முடிக்கிறதுக்கு இல்ல. கேட்டுக்கிட்டே இருக்கிறதுக்கு. முடிச்சிட்டா, நாங்க கேக்குறதை நிறுத்திட்டோம்னு ஆயிடாதா?"

எப்படியாவது ஒரு புகார் வாங்கிவிட வேண்டும் என்று, அன்று மாலை சமையலறையில் ஜோனை மாணவியாக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். இளைய தலைமுறையைப் பற்றி நான் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். ஜோன் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"இது ஒரு திட்டா? நம்ம கல்யாணத்தன்னிக்கு எங்கம்மா உன்னை இதைவிட நல்லாத் திட்டினாங்க. அதுவும் எழுதி வச்சுக்காம."

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஆறு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"உங்க தலைமுறையால தொடர்ந்து நூறு பக்கம் படிக்க முடியாது," என்றேன்.

 கூச்சலுக்காகக் காத்திருந்தேன். பிறகு டோபியாஸ் என்ற பையன் விரல்களைச் சொடுக்கினான். கைதட்டினால் யாராவது திடுக்கிடக்கூடும் என்பதால், எங்கள் கல்லூரியில் பாராட்டு என்றால் சொடுக்குதான். மற்றவர்களும் சொடுக்கினார்கள்.

"ரொம்பச் சரி, வெண்டெல். எனக்கெல்லாம் அம்பது தாண்டினதே இல்ல," என்றான் டோபியாஸ்.

"எதைச் சொன்னாலும் மனசு புண்பட்டுடுச்சுன்னு கெளம்பிடுறீங்க. பேச்சுச் சுதந்திரம்னா உங்களுக்கு உங்க பேச்சு மட்டுந்தான்."

"இதை நீங்க வெளிப்படையா சொன்னதுக்கு நன்றி," என்றாள் இன்னொருத்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது புண்பட்ட கண்ணீராக இருக்கும் என்று ஒரு கணம் நம்பினேன். நெகிழ்ந்துபோய்விட்டாளாம்.

கடைசி நாற்காலியில் இமானி விட்ஃபீல்ட் இருந்தாள். இறுதியாண்டு மாணவி. மே மாதப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பாகப் பேச அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் சொடுக்கவில்லை.

"உங்க தலைமுறை பேசலாமா எங்களை?" என்றாள். "வீடு வாங்கினீங்க. நிரந்தர வேலை வாங்கினீங்க. எல்லாத்தையும் அனுபவிச்சிட்டு, ஏணியை மேல இழுத்துக்கிட்டு, இப்ப எங்களுக்குப் படிக்கத் தெரியலங்கிறீங்க."

ஆகா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஆமா, அனுபவிச்சோம். அதுக்கு என்ன இப்போ?"

அவள் என்னைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "ஐயோ, உங்களைச் சொல்லலை, வெண்டெல். நீங்க சலவைக் கடைக்கு மேல வாடகைக்குத்தானே இருக்கீங்க? உங்களுக்கும் ஒண்ணும் கெடைக்கலையே."

மற்ற ஐந்து பேரும் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். ஒரு முழுத் தலைமுறைமீது இருக்கும் கோபத்தில் எனக்கு ஒரு பங்கு கொடுக்கக்கூட யாருக்கும் மனம் வரவில்லை.

அடுத்ததாக எதிர்ப்பு ஒருங்கிணைப்புக் குழுவின் அறைக்குப் போனேன். ஸ்கைலர் நோவாக் என்ற மாணவன் அதன் தலைவன். சுவரில் பெரிய நாட்காட்டி இருந்தது. அறையின் மறுபாதி கருத்துச் சுதந்திர மாணவர் சங்கத்துக்கு. அதன் தலைவன் பிரஸ்டன் எப்போதும் பட்டாம்பூச்சி வடிவக் கழுத்துப்பட்டை அணிந்திருப்பான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே காபி இயந்திரம்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் ஸ்கைலர் நாட்காட்டியைத் தடவிப் பார்த்தான்.

"ஏப்ரல்ல எடமே இல்லையே, சார். மூணு கூச்சல் இருக்கு, ஒரு வெளிநடப்பு. அப்புறம் பரீட்சை வந்துடும். பரீட்சைக்கு ரெண்டு வாரம் முன்னாடி எங்க ஆளுங்க யாரும் கொதிக்க மாட்டாங்க."

"பத்து நிமிஷம் போதும். நாலு பேர் வந்து கத்தினாப் போதும்."

"தப்பா நெனைக்காதீங்க. உங்களைக் கத்தி எறக்கினா யாருக்குத் தெரியும்? எங்களுக்கும் ஒரு பேரு இருக்குல்ல?"

பிரஸ்டன் காபிக் கோப்பையோடு எழுந்து வந்தான். "வேணும்னா எங்க சங்கம் உங்களை அழைக்கலாம், ஐயா. நாங்க கூப்பிட்டா அவங்க கத்துவாங்க. அவங்க கத்தினாத்தான் எங்களுக்கும் ஆள் சேருது. ஆனா நீங்க ஏதாவது பயங்கரமா சொல்லணும். உங்ககிட்ட என்ன இருக்கு?"

நான் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். இருவரும் ஒரே தாளில் குனிந்து படித்தார்கள்.

"பாவம்," என்றான் ஸ்கைலர்.

"பாவந்தான்," என்றான் பிரஸ்டன். ஒன்றரை வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

மிச்சம் இருந்தது பேச்சுச் சதுக்கம். நூலகத்துக்குப் பின்னால், புல்வெளியில், நான்கு அடி நீளத்துக்கு நான்கு அடி அகலத்தில் வெள்ளைச் சாயத்தால் கோடு போட்ட ஒரு கட்டம். அதற்குள் நின்றால் எதை வேண்டுமானாலும் பேசலாம். முன்பதிவு செய்ய வேண்டும். எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி கிடைத்தது. தூறிக்கொண்டிருந்தது. நான் கட்டத்துக்குள் நின்று இளைஞர்களைத் திட்டினேன். பிறகு முதியவர்களைத் திட்டினேன். பிறகு கல்லூரியைத் திட்டினேன். தோட்டக்காரர் ஒருவர் இலை ஊதும் இயந்திரத்தோடு வந்தார். என் காலடியில் இருந்த இலைகளை ஊத வேண்டும், கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று கேட்டார். தள்ளி நின்றால் கட்டத்துக்கு வெளியே போய்விடுவேன். ஆகவே வாயை மூடிக்கொண்டு தள்ளி நின்றேன்.

திரும்பிப் பார்த்தபோது இமானி குடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க, வெண்டெல்?"

சொன்னேன். கடிதம், காப்பீடு, விசாரணை, எல்லாவற்றையும். அவள் குடையை என் பக்கமும் நீட்டினாள். இருவரும் நூலகப் படிக்கட்டு வரை பேசாமல் நடந்தோம். படிக்கட்டிலும் பேசாமல் நின்றோம். அப்படிப் பேசாமல் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கல்லூரியில் யாரோடும் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

"ஜோனுக்கு எந்தக் கால்?" என்றாள் கடைசியில்.

"இடது."

தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஐந்து நாள் கழித்து என் மீது புகார் வந்தது.

அந்த மின்னஞ்சலை நான்கு முறை படித்தேன். நிலவறையில் இருந்த மற்ற இரண்டு ஒப்பந்த ஆசிரியர்களும் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். ஏழு வருடம் நான் கிரஹாமைப் பார்த்த பார்வை அது. "யார் குடுத்தாங்க? எப்படிப் புடிச்ச?" என்றார் ஒருவர். வீட்டில் ஜோன் செர்ரிப் பழக் கேக் சுட்டாள். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் இமானி கதவருகே வந்து தணிந்த குரலில் சொன்னாள். "நீங்க சொன்ன வார்த்தையை அப்படியே எழுதணும்னு படிவத்துல இருக்கு. இவ்வளவு நாள் வகுப்புல நடந்ததையெல்லாம் யோசிச்சுப் பாத்தேன், நீங்க வலிக்கிற மாதிரி ஒண்ணுமே சொன்னதில்ல. அதனால என் விழாப் பேச்சுலேர்ந்து ரெண்டு வரி எடுத்துப் போட்டுட்டேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுங்க."

விசாரணைக் குழுவில் மார்லா இருந்தார். நடைமுறைச் செயலாளர் ஒருவர் இருந்தார். மௌனமாக்கப்பட்டோரின் பிரதிநிதியாக கிரஹாம் இருந்தார். சுவரோர நாற்காலியில், புகார் கொடுத்தவளாக இமானி. தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தங்கள் மன நிம்மதிக்குப் பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். மார்லா ஏழு என்றார். செயலாளர் ஆறரை என்றார். கிரஹாம், தனக்குப் பழைய காயம் இருப்பதால் மூன்று என்றார். நான் எட்டு என்றேன். எட்டெல்லாம் சொன்னால் குற்ற உணர்வு இல்லாததுபோல் தெரியும் என்று செயலாளர் அறிவுறுத்தியதால் ஐந்தாகக் குறைத்துக்கொண்டேன்.

மார்லா புகாரை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"வெண்டெல் க்ரவுத் வகுப்பில் சொன்னது: 'உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லாததால் மற்றவர்களைப் பேச விட மறுக்கிறீர்கள். எங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லாததால், யாராவது எங்களைத் தடுக்க மாட்டார்களா என்று காத்திருக்கிறோம்.'"

 நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருடமாகக் கட்டுரை கற்பிக்கிறேன். முப்பது வருடமாக ரகசியமாக எழுதியும் பார்க்கிறேன். என் குறிப்பேடுகள் எதிலும் இப்படி இரண்டு வரி இல்லை. இருபத்தொரு வயதுப் பெண் இதை எழுதியிருக்கிறாள். என்னை வைத்துத்தான் எழுதியிருக்கிறாள். அந்தத் தூறலில், அந்தக் கட்டத்துக்குள் நின்ற என்னைப் பார்த்துவிட்டுத்தான்.

நிமிர்ந்தபோது கிரஹாமின் முகம் தெரிந்தது. உதடு வறண்டிருந்தது.

"இது... இதை நீயா சொன்னே, வெண்டெல்?"

"ஒரு நிமிஷம்," என்றார் மார்லா. "பதில் சொல்றதுக்கு முன்னாடி விதியை வாசிக்கணும். குற்றம் ஒத்துக்கப்பட்டா, அந்த வார்த்தைகளுக்கு முத்திரை வைக்கப்படும். விசாரணை முடியிற வரைக்கும் வளாகத்துல எந்த மேடையிலயும் யாரும் அதைச் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது."

இமானி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "இருங்க. அது படிவத்துல இல்லையே!"

"பதினோராவது படிவத்துல இருக்கு. நீங்க குடுத்தது நாலாவது."

"எனக்கும் அது பொருந்துமா?"

"முக்கியமா உங்களுக்குத்தான், கண்ணு. அந்த வலியை நீங்க மறுபடி அனுபவிக்கக் கூடாதுன்னுதான் இந்த விதியே. பேச்சைப் பாதுகாக்கணும்னா மொதல்ல அதைப் பூட்டி வைக்கணும், இல்லையா?"

"எனக்கு வலிக்கலைன்னா?"

"அப்ப புகாரே இல்ல. இப்பவே கலைஞ்சு போயிடலாம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். எதுவும் சொல்லச் சொல்லிக் கேட்கவும் இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். முடிவை என்னிடம் விட்டுவிட்டாள்.

"வெண்டெல், இதை நீங்க சொன்னீங்களா?" என்றார் மார்லா.

ஜோனின் முழங்காலை நினைத்துத்தான் பதில் சொன்னேன் என்று பிறகு பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். முழங்கால் நினைவுக்கு வந்தது உண்மை. ஆனால் நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது கிரஹாமின் வறண்ட உதட்டை.

"ஆமா," என்றேன். "நான்தான் சொன்னேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருந்தது," என்றும் சொன்னேன்.

இமானி உட்கார்ந்தாள்.

எனக்கு மூன்றாவது மாடியில் அறை கிடைத்தது. கிரஹாமின் அறைக்கு இரண்டு அறை தள்ளி, அதே மேப்பிள் மரம், பக்கவாட்டில். ஒப்பந்தம் விசாரணை முடியும்வரை நீட்டிக்கப்பட்டது. கிளீவ்லாண்டு பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்து, முத்திரை வைக்கப்பட்ட அந்த இரண்டு வரி என்ன என்று கேட்டார். சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். அது இன்னும் நன்றாக இருந்தது. நகர மண்டபத்தில் பேசக் கூப்பிட்டார்கள். நூற்றுநாற்பது பேர் வந்தார்கள். கிரஹாம் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஜோனிடம் மட்டும், வீட்டில், அந்த இரண்டு வரியைச் சொன்னேன். அவள் காய் சீவிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "இது உனக்கு எப்படித் தோணுச்சு, வெண்டெல்?" என்றாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை. வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது வந்தது என்றேன்.

இமானி வகுப்புக்கு வந்தாள், கட்டுரைகளைக் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு நாள் எல்லோரும் போன பிறகு நின்றாள்.

"அது இல்லாம அந்தப் பேச்சு நிக்க மாட்டேங்குது," என்றாள். "வேற எழுதிப் பாத்தேன். எல்லாம் அதைச் சுத்தித்தான் இருக்கு. விசாரணை விழாவுக்குள்ள முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும்னு நெனைக்கிறேன்," என்றேன்.

பட்டமளிப்பு விழா புல்வெளியில் நடந்தது. ஆயிரம் மடக்கு நாற்காலிகள். வெயில். ஒப்பந்த ஆசிரியர்களுக்கு மேடையில் இடம் இல்லை என்பதால் நான் பெற்றோர்களோடு, ஜோனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் இடது காலை நீட்டி வைத்திருந்தாள். இமானி மேடை ஏறினாள். மார்லா முதல் வரிசையில், பேச்சின் அங்கீகரிக்கப்பட்ட படியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இமானி நன்றாகப் பேசினாள். நான்கு வருடங்களைப் பற்றி, கடன்களைப் பற்றி, வீட்டில் அப்பாவோடு சாப்பாட்டு மேசையில் இனிமேல் பேச முடியாமல் போன விஷயங்களைப் பற்றி. வாயைத் திறக்கும் முன் எல்லோரும் அக்கம்பக்கம் பார்த்துக்கொள்வதைப் பற்றிச் சொன்னபோது மாணவர்கள் சொடுக்குவதை மறந்துவிட்டுக் கைதட்டினார்கள். பிறகு, "எனக்குப் புரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள்.

நிறுத்தினாள்.

ஒலிபெருக்கியில் காற்று மட்டும் கேட்டது. அவள் தாளைப் பார்க்கவில்லை. நேராகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசையவில்லை. எனக்கு அந்த இரண்டு வரியும் மனப்பாடம். மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவள் சரியாக அந்த அளவுக்கு நின்றாள், ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவே மூச்சுக்கூட எடுத்தாள். ஆயிரம் பேர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மார்லாவின் விரல் தாளில் ஒரு வெற்றிடத்தைக் கடந்து போனது. அவர் திருப்தியோடு தலையாட்டினார்.

நகர மண்டபத்தில் நான் ஒரு மணி நேரம் பேசினேன். இந்த எட்டு நொடிக்கு இணையாக அதில் ஒன்றும் இல்லை. அவள் வரியை ஏற்கெனவே எனதாக்கிக்கொண்டேன், இந்த மௌனத்தையும் எப்படி எனதாக்கிக்கொள்வது என்று ஒரு கணம் யோசித்ததை மறைக்க விரும்பவில்லை.

ஜோன் என் தோளில் சாய்ந்து காதருகே கேட்டாள். "என்ன ஆச்சு அந்தப் பொண்ணுக்கு? நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தா?"

"மறந்துட்டா போலிருக்கு," என்றேன்.